மூக்கு மேடம் சொன்னால் சரி

கஞ்சிக் கிண்ணம் மேசைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. சூடான ஆவி முகத்தில் பட்டது, அவ்வளவுதான். உள்ளே வேர்க்கடலை இருக்கிறதா, பினாயிலை ஊற்றிக் கலக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டால்கூட அவளால் சொல்ல முடியாது. ஆனாலும் எதிரே இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று, கண்ணை லேசாக மூடித் திறந்து தலையை ஒருமுறை ஆட்டிவைத்தாள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இங்கே அத்தனை மரியாதை.

ஆற்று வெள்ளத்தில் வீடு போனவர்களின் குடிசைகளில் இருக்கும் சின்னக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை கலந்த சத்து மாவு தயாரித்துக் கொடுப்பது அந்தத் தொண்டு நிறுவனத்தின் வேலை. அதோடு, அந்தக் குடும்பங்கள் மறுபடி யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்க வேண்டும் என்று காய்கறித் தோட்டம் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கெல்லாம் யோசனை சொல்ல மூன்று பேர். தலைமைக்கு ஒரு குழந்தை டாக்டர், பேரன் பேத்தி எடுத்த அம்மாள். தோட்டத்துக்கு மண்ணைப் படித்த ஒருவர், எல்லோருக்கும் ‘மண்ணு சார்’. மூன்றாவது இவள், மாவின் பக்குவத்துக்கு. வந்த புதிதில், கட்டின மூட்டையைப் பிரிக்காமலே முகர்ந்து உள்ளே கடலை ஈரம் என்று சொல்லிவிட்டாள். பிரித்துப் பார்த்தால் பூஞ்சை. அன்றிலிருந்து ‘மூக்கு மேடம்’. குழந்தைகளுக்குக் கொடுப்பதை முதலில் நாம் சாப்பிட்டுவிட்டுத்தான் கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் மூன்று கிண்ணம் வந்திருந்தது.

நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அவளுடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தாள். வரவே இல்லை. யாரிடம் சொல்வது? பாட்டுக்காரிக்குக் குரல் போன மாதிரி அல்லவா இது. வீட்டில் மட்டும் சொல்லி ஒரு பாட்டம் அழுதாள். அந்தச் சமயம் பார்த்துக் கடலை போடுகிற வியாபாரி மாற, புது மாவின் மாதிரி அவள் வீட்டுக்கு வந்தது. காய்ச்சிக் கணவரிடம் கொடுத்தாள். இந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்றால், உப்பே போடாததையும் அடிப்பிடித்துக் கருகியதையும் ஒரே முகத்தோடு சாப்பிட்டுவிட்டு ‘நல்லாருக்கு’ என்று கை கழுவுகிறவர். அவரிடம் போய்க் கசக்கிறதா, காறுகிறதா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? நல்லாருக்கு என்றார். அவளும் அனுப்பலாம் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள்.

டாக்டரின் கிண்ணம் பாதி காலியானபோது குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்கிற பெண் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். புது மாவு வந்ததிலிருந்து குழந்தைகள் சாப்பிடுவதில்லை. வாயில் வைத்ததும் துப்புகிறார்கள், கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் தேறிவந்த குழந்தைகள்கூட எடை குறைய ஆரம்பித்துவிட்டார்கள். மிச்ச மாவு மூட்டைகள் இன்று மத்தியானம் அக்கரைக் குடிசைகளுக்குப் போக இருக்கின்றன. அங்கே இதை விட்டால் குழந்தைகளுக்கு வேறு எதுவும் இல்லை.

மண்ணு சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரே ருசி அலுத்துப்போயிருக்கும் என்றார். டாக்டர், வயிற்றில் பூச்சி இருந்தாலும் பசிக்காது என்றார். பேச்சு வளர்ந்து, கடைசியில் ஊட்டுகிற விதம்தான் சரியில்லை, அம்மாக்களுக்கு எப்படி ஊட்டுவது என்று பயிற்சி கொடுக்கலாம் என்கிற இடத்தில் வந்து நின்றது. எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. மாவில் குறை இருக்காது, அதுதான் மேடம் பார்த்துவிட்டாரே என்றார் மண்ணு சார். தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். பழி அம்மாக்கள் தலையில் விழும். வீடு வாசல் போய், துப்புகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவளிடம் போய், உனக்கு ஊட்டத் தெரியவில்லை என்று இவர்கள் வகுப்பெடுப்பார்கள். சீ, இது என்ன பிழைப்பு என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மூக்கு போனதிலிருந்து அவள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அதனால் டாக்டர் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பதை அவள் கவனிக்காமல் இல்லை. மண்ணு சாரின் கிண்ணத்தின் மேல் ஒரு செய்தித்தாள் கிடந்தது.

“டாக்டர், எனக்கு வாசனை தெரியாது,” என்றாள். “அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நாக்கும் செத்துப்போச்சு. இந்த மாவை நான் பாக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னார், நான் சரின்னு சொல்லிட்டேன். உங்களுக்கு எப்படி இருக்கு? நெஜத்த சொல்லுங்க.”

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கசக்குது. மொத வாயிலேர்ந்தே கசக்குது. நீங்களே சரின்னுட்டீங்க, எனக்குத்தான் வயசாகி நாக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

மண்ணு சார் செய்தித்தாளை எடுத்தார். கஞ்சி ஒரு வாய்க்கு மேல் குறையாமல் அப்படியே இருந்தது. தன் வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம், அதனால்தான் தன் நாக்குக்குக் கசக்கிறதோ என்று சும்மா இருந்துவிட்டாராம். குடியிருப்புப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மாக்கள் முதல் நாளே கசக்கிறது என்று சொன்னார்களாம். மேடம் பார்த்த மாவு, அதெல்லாம் கசக்காது என்று அந்தப் பெண்தான் அவர்கள் வாயை அடைத்தாளாம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. டாக்டராகத்தான் இருக்க வேண்டும். மூக்கு மேடமும் சிரித்தாள், அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. டாக்டர் சிரித்து முடித்துவிட்டுக் கோபமும் பட்டார், அதை மறைக்கவும் இல்லை. குழந்தைகள் துப்பியதால் பிழைத்தோம், சமர்த்தாக விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். குழுவில் அவள் இருப்பதா போவதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் மூட்டைகளை நிறுத்துங்கள் என்றார்.

அப்புறம் படித்தவர்கள் எல்லோரும் கிடங்குத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூட்டைக்கு ஒரு கை கடலை எடுத்து மென்றார்கள். புது வியாபாரி தந்தது அத்தனையும் காறல், பழைய சரக்கை ஏமாற்றித் தள்ளிவிட்டிருந்தான். அதையெல்லாம் ஒதுக்கினார்கள். முந்தின வியாபாரி போட்டதில் நல்ல கடலை கொஞ்சம் மூலையில் கிடந்தது. வறுத்து அரைத்தார்கள். டாக்டர் தின்று பார்த்தார், அரைக்கிற பெண்கள் தின்று பார்த்தார்கள், மண்ணு சார் ரெண்டாவது கிண்ணம் கேட்டார்.

வண்டியில் அக்கரைக்குப் போகும்போது கணவருக்குப் போன் போட்டாள். அன்றைக்கு அந்தக் கஞ்சி கசந்ததா என்று நேராகவே கேட்டாள்.

“கசந்துச்சு. நீ அன்னிக்கு அவ்வளவு அழுதியே. அதுக்கு மேல என்னத்த சொல்றதுன்னுதான்...”

திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ராத்திரிக்கு வெளியில் எதுவும் வாங்க வேண்டாம், வந்து சமைக்கிறேன், இனி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அக்கரையில் முதல் குடிசை வாசலில் ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். இக்கரைக் குழந்தைகள் கசந்த கஞ்சியைத் துப்பிய கதை அவள் காதுக்கும் வந்திருந்தது. கிண்ணத்தை வாங்கினவள் கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்து, இவளை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, நீயே கொடு என்பதுபோல் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள்.

கரண்டி கிட்டே போனதும் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. இவள் காத்திருந்தாள். கஞ்சி எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அந்தச் சின்ன முகத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது. குழந்தை மெல்லத் திரும்பி உதட்டின் ஓரத்தால் வாங்கியது. புருவம் சுருங்கியது. கன்னம் அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. பிறகு, ரெண்டே ரெண்டு பல் தெரிய, அந்த வாய் அடுத்த கரண்டிக்குத் திறந்து, திறந்தபடியே இருந்தது.