திங்க் ஓவர்
"யாருக்கு ஆபரேஷன்?" என்று டீச்சர் போனில் மறுபடியும் கேட்டாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவில் நின்றிருந்தாள். உள்ளே மாணவர்களின் பேச்சுச் சத்தம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரி நர்ஸ் பொறுமைசாலி. "உங்க அம்மாவுக்குத்தாங்க, இடது கண்ணுல. செஞ்சா இருக்கிற பார்வை நிக்கலாம். சரியா வரலைன்னா அதுவும் போயிடலாம். அதனாலதான் டாக்டர் உங்க அண்ணன்கிட்ட திங்க் ஓவர் பண்ணிச் சொல்லச் சொன்னாரு. போன மாசமே சொன்னாரு. இன்னும் தள்ளிப்போட்டா செய்யவே முடியாது. அண்ணன் போனை எடுக்கல, அதான் உங்களுக்குப் பண்ணேன்."

போன மாதம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஓவராம். டாக்டர் சொல்லிட்டாரு" என்று விக்கி விக்கி அழுதான். அம்மா அழவில்லை. வலது கண் எப்போதோ போய்விட்டது, இனி இடதும் இல்லை என்றதும் அன்றே பழகத் தொடங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் புடவை தேடினாள், சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அண்ணன் அவளை அடுப்பு பக்கம் விடுவதில்லை. அவளுடைய தையல் மெஷினை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். இனி எதற்கு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சரும்தான்.

திங்க் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வாலாக ஒட்டிக் காட்டுவது அவளுக்குப் பிடித்த பாடம். அப் ஒட்டினால், இல்லாத ஒன்றைப் புதிதாக யோசித்து உண்டாக்குவது. த்ரூ என்றால், என்னென்ன ஆகும் என்று கடைசிவரை யோசித்துப் பார்ப்பது. ஓவர் என்றால், முடிவெடுக்குமுன் ஆற அமர யோசிப்பது. இந்த இடம் வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, "யோசனை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமா மேடம்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. "இல்லடா, ஓவரா யோசிக்கிறது" என்பார் பக்கத்துப் பெஞ்சுக்காரர். நம் வாயில் ஓவர் என்றால் ஒன்று முடிந்துபோனது, இல்லையென்றால் மிஞ்சிப்போனது. டீச்சரும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பை நினைத்தாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும், "ஆம்பளைங்க நாங்க பேசிக்கிறோம்" என்று அண்ணன் கிளம்பிப் போனானே! ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் காலணா மரியாதை இல்லை.

அண்ணன் ஏ.சி. மெக்கானிக். கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லு" என்றாள் டீச்சர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அதான் சொன்னேனே. ஓவர்னாரு."

"ஓவருக்கு முன்னாடி?"

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "என்னமோ திங்க்... திங்க்குன்னு வந்துச்சு."

"திங்க் இட் ஓவர்! யோசிச்சுச் சொல்லுங்கன்னு அர்த்தம். ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்லச் சொன்னாரு. நீ என்னடான்னா அம்மாவைக் குருடியாக்கி மூலையில உக்காத்தி வச்சிருக்கே!"

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் அவளுக்கு மனம் இளகவில்லை, இன்னும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

"புரியலைன்னா ஒரு போன் போடத் தெரியாதா? உனக்கு அவ்வளவு கௌரவமா?"

"ஆமா, கௌரவம்தான்!" அவன் எழுந்ததில் மோட்டார் உருண்டது. "நான் வாயத் தொறந்தா போதும், எல்லார் முன்னாடியும் திருத்துவே. டாக்டர் முன்னாடியும் உன்கிட்ட பாடம் படிக்கணுமா? புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். போதுமா?"

"போதும். இனி நீ எதுலயும் தலையிடாதே. நாளைக்கே அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். ஆபரேஷனுக்குச் சரின்னு இப்பவே சொல்லிடறேன்." டீச்சர் போனை எடுத்தாள்.

"போனைக் கீழே வை."

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். வெங்காயத்தால் சிவந்திருந்த அந்த இடது கண்ணால் குரல் வந்த திசையில் உற்றுப் பார்த்தாள்.

"திங்க் ஓவர்னா என்ன? இன்னொரு தடவை சொல்லு."

"ஆற அமர யோசிச்சு முடிவு பண்றதும்மா."

"யாரு?"

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். வகுப்புல இதைச் சொல்லித் தரமாட்டியா? கண்ணு யாரோடது? இவன் முடிஞ்சுதுன்னான், நானும் மூடிக்கிட்டேன். நீ இப்போ தொறன்னு சொல்றே. யோசிக்கச் சொன்னா அதுல ஆபத்து இருக்குன்னுதானே? இருக்கிறதும் போயிடலாம்னு அந்த டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. நர்ஸ்..."

"அதை என்கிட்ட எப்போ சொல்றதா இருந்தே? மேஜையில படுக்க வச்சப்புறமா?"

அம்மா இப்படிக் கத்தி அவர்கள் இருவரும் கேட்டதில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மடியிலிருந்த வெங்காயத்தோலைக் கூடம் முழுக்க உதறிவிட்டு எழுந்தாள். அண்ணன் கையைப் பிடிக்கப் போனான். பளீரென்று அவன் புறங்கையில் ஓர் அடி விழுந்தது.

"நான் யோசிக்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க."

பீரோவில் தோளை இடித்துக்கொண்டாள், நிற்கவில்லை. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிடித்த கையை விடவும் தோன்றவில்லை. உள்ளே அம்மாவின் கை சுவரைத் தடவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது, பிறகு சுவிட்ச் போடும் சத்தம். கதவுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்து இரண்டு பேர் கால்களிலும் விழுந்தது.