ஏழு பேர் நின்ன மேட்ச்

பந்து பதினோராவது தடவை வலைக்குள்ள போனப்ப என் பக்கத்துல நின்ன ஒருத்தர் சிரிச்சாரு. "என்ன சிரிப்பு? உங்க வீட்டுப் பிள்ளைய அங்க நிக்க வைங்க, நானும் வந்து சிரிக்கறேன்"னு கேட்டேன். நான் பஸ் கண்டக்டர். பின்படியில நின்னுக்கிட்டு முன்படியில தொங்குறவனை உள்ள ஏற வைக்கிற தொண்டை இது. அவரோட சேர்த்து அந்தப் பக்கம் இன்னும் நாலு பேரு வாயை மூடிக்கிட்டாங்க.

எனக்கு ஃபுட்பால்ல ஒரு மண்ணும் தெரியாது. என் பொண்ணு பன்னெண்டு வயசு, கோல் கீப்பர். ஞாயித்துக்கிழமையானா எனக்கு வண்டி, அவளுக்கு மேட்ச். சாயங்காலம் வந்து "தோத்துட்டோம்மா"ன்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துருவா. நானும் அதோட விட்டுருவேன். ஆனா போன வாரம் அவளோட படிக்கிற ஒருத்தி போன் பண்ணி, "ஆன்ட்டி, சல்லடை இருக்காளா?"ன்னு கேட்டா. யாருடி சல்லடைன்னேன். அந்தப் பொண்ணு டக்குனு போனை வெச்சுட்டா. என் புள்ளைக்கு பள்ளிக்கூடம் பூரா இதுதான் பேரா? என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்னு டியூட்டியை மாத்திக்கிட்டு வந்தா, இங்க பதினொண்ணுக்கு ஜீரோ.

அதுவும் நியாயமான ஆட்டமா? அந்தப் பக்கம் பதினோரு பேரு. எங்க டீம்ல கண்ணு வலி பரவி, வந்தது ஏழே பேரு. ஏழு பிள்ளைங்களை பதினோரு பேரு சுத்திச் சுத்தி அடிச்சா என்ன ஆகும்?

இடைவேளைக்கு விசில் அடிச்சதும் கோட்டைத் தாண்டி நேரா உள்ள போயிட்டேன். என் பொண்ணு தரையில உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருந்தா. ரெண்டு முழங்கையிலயும் தோல் உரிஞ்சு மண்ணு ஒட்டியிருந்துச்சு.

"எந்திரிடி. ஷூவைக் கழட்டு. வீட்டுக்குப் போறோம்."

இவங்க கோச் ஒரு பேக்கரிக்காரர். விடியறதுக்குள்ள ரொட்டி எல்லாம் போட்டு முடிச்சுட்டு, கையில மாவோடயே கிரவுண்டுக்கு வர்ற மனுஷன். அவரு மறிப்பாரு, நாலு வார்த்தை நல்லாக் கேட்டு விடலாம்னு இருந்தேன். அவரோ, "கூட்டிட்டுப் போங்கக்கா. தப்பே இல்ல"ன்னாரு. சண்டைக்குன்னு வந்தவ கிட்ட இப்படிச் சொன்னா என்ன பண்றது?

"ஏழு பேருக்குக் கீழ போனா ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திருவாரு. நாம விலகிட்டோம்னு மூணுக்கு ஜீரோன்னு எழுதிக்குவாங்க. இந்தப் பதினொண்ணு கணக்குலயே வராது."

"வெறும் மூணா? இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா தம்பி?" எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. மூணு கோல்ல தோக்கறதெல்லாம் ஒரு தோல்வியா? நாளைக்கு ஒருத்தி வாயைத் திறக்க முடியாது.

ஆனா அவரு பிள்ளைங்க பக்கம் திரும்பி மிச்சத்தையும் சொன்னாரு. "அந்த டீம் ஃபைனல் போகணும்னா இன்னிக்கு பதினெட்டு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும். நீங்க வெளிய வந்தா அவங்களுக்கு மூணுதான். அவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நின்னாலும் சரி, போனாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஓடப் போறது உங்க காலு."

ஆறு பேரும் என் பொண்ணைப் பாத்தாங்க. அடி பூரா அவ மேலதானே விழுது. ஒருத்தி ஏற்கனவே அழுதுட்டிருந்தா.

என் பொண்ணு பாட்டிலை மூடி வெச்சா. "அப்ப இன்னும் ஏழு போடணும் அவங்க. இல்ல சார்?"

"ஏழு."

"அவங்க ஃபைனல் போனா உனக்கென்னடி? கப்புல பாதியை வெட்டிக் குடுக்கப் போறாங்களா?"ன்னு நான் கத்தினேன்.

"ஓடி ஓடிப் போட்டாங்கம்மா. நான் ஷூவைக் கழட்டினா அதெல்லாம் இல்லைன்னு ஆயிடும். அது எப்படிம்மா?"

"அதுக்கு? இன்னும் ஏழு கோலை தானமாக் குடுக்கப் போறியா?"

அவ கிளவுஸை எடுத்து மாட்டிக்கிட்டா. அழுதுட்டிருந்த பிள்ளையும் மூக்கைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுது. சரி, கழுதை, உன் தலையெழுத்துன்னு விட்டுட்டேன்.

அதுக்குள்ள எதிர் டீம் கோச் வந்துட்டாங்க. அந்தம்மா ஒரு நர்ஸ். இவங்க போயிட்டா தன் டீமோட கதை அவ்வளவுதான்னு அவங்களுக்கும் தெரியும். முகமே வெளுத்திருந்துச்சு. "வர்றீங்களா, இல்லையா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"வர்றோம் மேடம்"னாரு பேக்கரிக்காரர்.

அந்தம்மா என் பொண்ணோட முழங்கையைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் விறுவிறுன்னு திரும்பிப் போயி, தன் டீம்ல நாலு பேரை உக்கார வெச்சுட்டாங்க. அந்தப் பக்கத்துப் பெத்தவங்க கொதிச்சுட்டாங்க. "ஏழு கோல் வேணும், இப்பப் போயி ஆளைக் குறைக்கறீங்களே!"ன்னு ஒரே சத்தம். "ஏழுக்கு ஏழு ஆடட்டும். எனக்கும் தூக்கம் வரணுமில்ல"ன்னுட்டு அந்தம்மா கையைக் கட்டி நின்னாங்க. எனக்கு அடடான்னு ஆயிடுச்சு. அந்த எடத்துல நான் இருந்தா செஞ்சிருப்பேனா? சத்தியமா மாட்டேன்.

ஆட்டம் தொடங்கினதும் நான் கோலுக்குப் பின்னாடி, வலையை ஒட்டிப் போய் நின்னேன். அங்க நின்னப்பதான் எனக்குக் கண்ணே தெறந்துச்சு. ஓரத்துல இருந்து பாத்தப்ப பந்து என்னமோ உருண்டு வந்து உள்ள போற மாதிரிதான் இருந்துச்சு. இங்க நின்னா அது மூஞ்சிக்கு நேரா வருது. நடுவுல வலை இருக்குன்னு தெரிஞ்சும் நான் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சேன். என் பொண்ணு குனியல. பாஞ்சா. விழுந்தா. விழுந்த வேகத்துல எந்திரிச்சு, "ரைட்டு! ரைட்டுல ஆளு!"ன்னு கத்தினா. வீட்டுல உப்பு வேணும்னாக் கூட வாயைத் திறந்து கேக்காத புள்ளை அது. இந்தக் குரலை இத்தனை நாள் எங்கடி வெச்சிருந்தே?

உள்ள போனதை மட்டும்தான் எல்லாரும் எண்ணிட்டு இருக்காங்க, நானும்தான். அவ கையில பட்டு மேல போனது, காலால தட்டி விட்டது, வயித்துல வாங்கிக்கிட்டு சுருண்டது, இதையெல்லாம் எவன் எண்ணினான்? ஒண்ணு உள்ள போச்சுன்னா நாலை அவ வெளிய அனுப்பிட்டிருந்தா. இது நான் பெத்ததுதானா? வலைக்கு அந்தப் பக்கம் வேற யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு.

ஒவ்வொரு கோலுக்கும் அவளே வலையில இருந்து பந்தை எடுத்து, மண்ணைத் தட்டி, நடுவுக்கு உதைச்சு விட்டா. பன்னெண்டு. பதிமூணு. அந்தப் பிள்ளைங்களும் குதிக்கல, கட்டிப் பிடிக்கல. பந்து போனதும் திரும்பி ஓடிருவாங்க. பதினாறு ஆச்சு, பதினேழும் ஆச்சு. ரெஃப்ரி வாட்சைப் பாத்தாரு. ஒண்ணே ஒண்ணு பாக்கி.

கடைசியா ரெட்டைச்சடை போட்ட ஒருத்தி பந்தோட தனியா வந்தா. எங்க பிள்ளைங்க யாருக்கும் அவளை எட்டிப் பிடிக்கத் தெம்பில்ல. என் பொண்ணு விட்டுருவான்னுதான் நினைச்சேன். இதுக்காகத்தானே நின்னா? இன்னும் ஒண்ணு வாங்கிக்கிட்டா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மனசார, விட்டுருடி கண்ணு, போதும்னு நானே முணுமுணுத்தேன்.

அவ முன்னால ஓடினா.

ரெட்டைச்சடை ஓரமாத் தாழ அடிச்சா. என் பொண்ணு முழு உடம்பையும் நீட்டிப் பாஞ்சா. பந்து அவ விரல்ல பட்டு, கம்பத்துல இடிச்சு, கோட்டு மேலயே என்னைப் பாத்து உருண்டு வந்துச்சு. அவ முழங்காலாலயே தவழ்ந்து வந்து அது மேல விழுந்து ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டா. விசில் அடிச்சுட்டாங்க.

ரெட்டைச்சடை அங்கயே பொத்துனு உக்காந்து அழ ஆரம்பிச்சா. என் பொண்ணு பந்தோட எந்திரிச்சுப் போய் அவ பக்கத்துல நின்னா.

"போயிருந்தீங்கன்னா அப்பவே முடிஞ்சிருக்கும்ல? இவ்வளவு தூரம் வர விட்டு, கடைசியில பிடிச்சுட்டியே!" அந்தப் பொண்ணுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

"சும்மா விட்டிருந்தா உனக்குப் பிடிச்சிருக்குமா?"

ரெட்டைச்சடை கண்ணைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சா. அப்புறம் இல்லைன்னு தலையை ஆட்டிட்டு, கையை மேல நீட்டினா. என் பொண்ணு அதைப் பிடிச்சுத் தூக்கி விட்டா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் இருந்துச்சுங்க. தூரத்துல நர்ஸம்மா தலைக்கு மேல கையைத் தூக்கித் தட்டிட்டிருந்தாங்க, கன்னமெல்லாம் ஈரம்.

என் பொண்ணு என் பக்கம் நடந்து வந்தா. முட்டியில ரத்தம், தலையெல்லாம் புழுதி. வாடி போலாம்னு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வாயில வந்தது வேற.

"வாங்க, போலாம்."

அவ நின்னு என்னை ஒரு மாதிரி பாத்தா. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல"ன்னு பையை நான் வாங்கிக்கிட்டேன்.