சிவப்புக் காரிலிருந்து இறங்காதவர்

மட்டாஞ்சேரி வெங்கிடராமன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி உட்கார்ந்து ஆறு வருஷம் இரண்டு மாசம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன இரண்டு சீட் வண்டி அது; இருபது வருஷம் ஷெட்டில் கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டது. ஆடி மழை கொட்டும் கர்க்கடக மாசத்தில் ஒருநாள் அவர் அதில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. அதோடு அவருக்கும் இறங்க வரவில்லை. கதவு ஒழுங்காகத்தான் திறந்தது. இஞ்சிக் கிடங்கிலிருந்து நான்கு சுமைக்காரர்கள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். வண்டியும் கூடவே உருண்டதே தவிர, அவர் வரவில்லை. முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. பிறகு முடிவெட்டுகிறவர் ஞாயிறுதோறும் ஜன்னல் வழியாகக் கத்தரி போட்டார், பேச்சு ஓய்ந்தது.

ஓயாதது அவர் மனைவி காமாக்ஷியின் வேலைதான். காபி, சோறு, துடைத்துவிட வெந்நீர், எல்லாவற்றையும் அவள்தான் ஜன்னல் வழியே நீட்ட வேண்டும். வேறு யார் நீட்டினாலும் வாங்கமாட்டார். அது காரின் குணமல்ல, அவர் குணம். ஆறு வருஷமாக அவள் பக்கத்திலிருக்கும் போர்ட் கொச்சி வரைகூடப் போனதில்லை. இப்போது ஆலுவாவில் மகள் ஸுப்ரியாவுக்குப் பிரசவ மாசம். "நீ வருவியோல்லியோம்மா?" என்று தினமும் போன். காமாக்ஷிக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

வண்டி ஓடினால் மனுஷரும் விடுபடுவார் என்பது தெரு ஒப்புக்கொண்ட விஷயம். அதற்காகக் கடைசியாக வந்த மெக்கானிக், விருதுநகர்ப் பக்கத்துச் சங்கிலிப்பாண்டி. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் ஒரு உள்ளங்கை வந்து நின்றது. எங்கோ அடைப்பு. என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் காமாக்ஷி, "மழைல வெள்ளம் கேறிடுத்து" என்றாள். வெள்ளத்தில் முங்கிய வண்டிக்கு உண்டான வைத்தியத்தை அவர் ஆரம்பித்தார். மூன்று வாரம் சேறு தேடினார். டேங்கை இறக்கிக் கழுவினார், பில்டரை மாற்றினார், குழாயில் காற்றடித்தார். காற்று தாராளமாகப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் மூடியை இறுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்வார், அது அவர் தொழில் ஒழுங்கு. ஒவ்வொரு தடவையும் வண்டி இரண்டு தடவை இருமி அணையும். உள்ளே வெங்கிடராமன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ஸுப்ரியாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்த காலையில், சங்கிலிப்பாண்டி சலித்துப்போய்க் கேட்டார். "வெள்ளம் எம்புட்டு உசரம்மா வந்துச்சு? சீட்டு முங்கிருச்சா?"

"உசரமா? ஒரு ஸ்பூன் இருக்கும். அன்னிக்கே எடுத்துக் களஞ்சேனே."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "தண்ணியச் சொல்றீங்களா?"

"வெள்ளம்னா பின்னே என்னவாக்கும்? பெட்ரோல் மூடில ஒரு குட்டி ஓட்டை. அதுவழியாக் கேறித்து. இனி கேறப்படாதுன்னு மெழுகு உருக்கி அடச்சேன். மறுநாள்தான் இவர் ஏறி உக்காந்தார்."

"அது வண்டி மூச்சு விடுற ஓட்டைம்மா! காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வெளிய வரும்?"

ஆறு வருஷத்துக்கும் தன் கைதான் காரணம் என்று காமாக்ஷிக்குப் புரிந்தது. புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி மெழுகைக் குத்தினாள். மூடி மூச்சை இழுத்தது. கொடியில் கிடந்த வேட்டிகளும், வெங்கிடராமனின் பேப்பரும், தெருவின் இஞ்சி வாசனையும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தன. சங்கிலிப்பாண்டி சொல்ல, வெங்கிடராமன் சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டது, அணையவில்லை. கதவு திறந்தது, வெங்கிடராமனின் வலது கால் தானாகத் தரையில் இறங்கியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே எடுத்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஏறுடீ" என்றார்.

பயந்துகொண்டேதான் ஏறினாள். ஆலுவா ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் தள்ளினாள், திறந்தது. ஒரு காலை வைத்தாள், மற்றதையும் வைத்தாள், நின்றாள்.

"ஏண்டீ, எனக்குச் சாப்பாடு?"

"வண்டி ஓடறதோல்லியோ. பசிச்சா நீங்களே ஓட்டிண்டு போய்க்கோங்கோ" என்றாள். திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

பெண் குழந்தை. காமாக்ஷி ஐம்பத்தாறு நாள் அங்கேயே இருந்தாள். ஆலுவா ஸ்டேஷன் எதிரிலுள்ள சாயாக்கடை முன்னால் தினமும் எட்டு மணிக்கு ஒரு சிவப்புக் கார் வந்து நிற்கும்; ஜன்னல் வழியே இரண்டு தோசை கொடுப்பார்கள், அவரும் வாங்கிக்கொள்வார். கடைக்காரர் இதுவரை எதுவும் கேட்டதில்லை, சட்னி வேண்டுமா என்பதைத் தவிர.