தலையைப் பிடித்தவர் பேச வேண்டும்

வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பதுதான் அவருக்கு வேலை. முன்பின் தெரியாதவர்களிடம்கூட வாய் ஓயாமல் பேசுவார். மச்சினனிடம் மட்டும் பேச்சு நின்று எட்டு மாதம் ஆகிவிட்டது.

காரணம் ஒரு கண்ணாடி. தன் வண்டி சர்வீஸில் இருந்தபோது மச்சினனின் புது பைக்கை இரவல் வாங்கிப் போனவர், எங்கோ இடித்து அதன் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார். உடைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். “நான் எடுக்கும்போதே உடைஞ்சுதானே இருந்துச்சு?” என்று வாய் முந்திக்கொண்டது.

“அப்ப நான் பொய் சொல்றேனா மாமா?” என்று கேட்டவன்தான், அதன் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சொன்ன பொய்யை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது என்று இவருக்கும் தெரியவில்லை.

இருவரும் ஒரே பைக் குழுவில் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி. கிளம்பும்போது மனைவி ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தபடி சொன்னாள்: “இன்னிக்காவது என் தம்பிகிட்ட பேசிட்டு வாங்க. இல்லேன்னா நான் போய் அவன் வீட்ல உட்கார்ந்துக்குவேன். அப்புறம் சுவத்தோட பேசிக்கிட்டு இருங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். அதுதான் அவருக்குப் பயம்.

பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவர் ஆம்புலன்ஸ் நர்ஸம்மா. சைரன் பழுதானாலும் வண்டியை ஓட்டிவிடலாம், அப்படி ஒரு குரல்.

“விழுந்து கிடக்கிறவர் மூச்சு நல்லா இருந்தா ஹெல்மெட்டைக் கழற்றாதீங்க. தலை ஆடாம ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கங்க. அடுத்த ஆள் வந்து பிடிக்கிற வரைக்கும் விடக் கூடாது. உங்க மூக்கு அரிச்சாலும் விடக் கூடாது! பேசிக்கிட்டே இருங்க. மயக்கத்துல இருந்தாலும் காது கேட்கலாம்.”

யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஏழாம் நம்பர் அவருக்கு வந்தது. இன்னொரு ஏழாம் நம்பர் மச்சினன் கையில் இருந்தது. குழுவே கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

மச்சினன் ஹெல்மெட்டோடு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடித்தார். திறந்திருந்த ஹெல்மெட்டுக்குள் அந்த முகம் தலைகீழாகத் தெரிந்தது. இளைத்திருக்கிறான். பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“ஹலோ… கேக்குதுங்களா?”

“என்ன சார், போன்லயா பேசறீங்க?” என்றார் நர்ஸம்மா. “சொந்தக்காரர்கிட்ட பேசற மாதிரி பேசுங்க!”

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“பயப்படாதே மச்சான். நான் இருக்கேன். ஆம்புலன்ஸ் வருது.” அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

“நிறுத்தாதீங்க! ஆம்புலன்ஸ் வர இன்னும் மூணு நிமிஷம்!” என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த பாய்க்குப் போனார்.

ஊருக்கெல்லாம் பேசுகிறவருக்கு மூன்று நிமிடம் மலையாகத் தெரிந்தது. வெயிலைப் பற்றிச் சொன்னார். டயர் தேய்ந்ததைச் சொன்னார். “உங்க அக்கா தினமும் உன்னைப் பத்தித்தான் பேசறா” என்றார். அதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

“அந்தக் கண்ணாடி… நான்தான் உடைச்சேன் மச்சான்.”

மூடிய இமை லேசாகத் துடித்தது.

“ஒரு வீட்ல நாய் துரத்துச்சு. நாயைப் பார்த்தேன், கேட்டைப் பார்க்கல. உன் புது வண்டியாச்சேன்னு பயந்துட்டேன். அதான் பொய் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் தலையை விடவில்லை.

“தெரியும் மாமா” என்றான் மயக்கத்தில் இருந்தவன், கண்ணைத் திறக்காமலே. “கேட்டோட பச்சை பெயின்ட் அப்படியே வண்டியில ஒட்டியிருந்துச்சு. உங்க வாயால சொல்வீங்கன்னு எட்டு மாசமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“ஏழாம் நம்பர்! மயக்கமானவர் பேசக் கூடாது!” என்று அந்தக் கோடியிலிருந்து நர்ஸம்மா கத்தினார்.

மச்சினனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உடம்பெல்லாம் குலுங்கியது. “தலையை ஆட்டாதேடா!” என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவருக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

நேரம் முடிந்து நர்ஸம்மா விசில் ஊதினார். எல்லாப் பாய்களிலும் ஆட்கள் எழுந்தார்கள். அவர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

“மாமா, முடிஞ்சிருச்சு. விடுங்க.”

“மதியம் வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்னு சொல்லு. விடறேன்.”

“வர்றேன், வர்றேன். உங்க வண்டி இங்கேயே இருக்கட்டும், உங்களையும் என் பைக்லயே கூட்டிட்டுப் போறேன்” என்றான் மச்சினன். “ஆனா வண்டியை நான்தான் ஓட்டுவேன்.”

அவர் தலையை விட்டார். இவ்வளவு நேரமாக அரித்துக்கொண்டிருந்த மூக்கை அப்புறம்தான் சொறிந்துகொண்டார்.