பவளத்தில் ஒரு துண்டு

கணவர் வீட்டைவிட்டுப் போனபோது துணிமணி, புத்தகம், பைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். கூடத்தில் இருந்த ஐந்தடி நீளக் கடல்நீர்த் தொட்டியை மட்டும் அசைக்க முடியவில்லை. பிறகு ஆள் வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பிறகு எட்டு வருடமாக வரவில்லை.

அவள் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். பல்லின் விளிம்பு மயிரிழை தூக்கியிருந்தாலும் மறுபடி தேய்ப்பாள் என்பதால் அங்கே அவளுக்கு இம்மியக்கா என்று பெயர். மீனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணெதிரே உயிர்கள் சாகக்கூடாதே என்றுதான் முதலில் வளர்ப்பு மீன் விற்கிற மீன்கடைக்காரரிடம் போய் நின்றாள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும், அதனால் குறைகிற அளவுக்குத் தினமும் உப்பில்லாத சுத்த நீரை ஊற்றுங்கள் என்றார் அவர். எந்த அளவு தப்பினாலும் ஒரே நாளில் சரிசெய்யக் கூடாது, நாலைந்து நாளில் மெல்ல மெல்லக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

கணவருக்கு வராத கலை அது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அவர் கை அப்படி. வாரம் ஒரு மருந்து, மாதம் ஒரு விளக்கு. அவர் போகும்போது, தொட்டியில் மீன்களோடு வளர்த்த உயிர்ப்பவளங்களில் பாதி சாகிற நிலையில் வெளுத்துக் கிடந்தன.

அவள் எதையும் மாற்றவில்லை. அதே விளக்கு, அதே நேரம். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து விடுவாள். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறது என்று பார்ப்பாள். பவளம் எலும்பு கட்டத் தேவையான சத்து நீரில் இருக்கிறதா என்பதற்கு அதுதான் கணக்கு. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் கிளம்பிவிடுவாள். நாளடைவில் யாரும் அவளை இருக்கச் சொல்லிக் கேட்பதில்லை. மூன்றாம் வருடம் பவளங்களில் நிறம் வந்தது. அதைக் கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

போன மாதம் கணவர் போன் செய்தார். புது வீட்டில் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருக்கிறாராம், பழையதை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். கட்டைவிரல் அளவில் அவர் வாங்கி வைத்த கிளைப்பவளம் இப்போது இரண்டு கைகளாலும் அணைக்கிற அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

"என்ன பண்ணின இதுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. தினமும் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். வேறு எதையோ கேட்க வந்தவர்போல வாயைத் திறந்து, தண்ணீர் கேட்டார்.

தொட்டியை இடம் மாற்றினால் எல்லாம் செத்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அந்தப் பவளத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிளையை வெட்டி, தொட்டி நீரோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் இரவு ஏழு மணிக்கு அவர் போனில் கூப்பிட்டார். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். எண்களைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாளிலிருந்து அவள் ஆறரைக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். பதின்மூன்றாம் நாள் போன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நாத்தனார் இன்றும் அவளோடு பேசுகிறவள். விஷயம் அவள் மூலம்தான் தெரிந்தது. "அது எப்பவோ செத்துப்போச்சு. உன்கிட்ட சொல்ல எங்கண்ணனுக்கு வாய் வரல" என்றாள்.

பவளம் போனதில் இம்மியக்காவுக்கு வருத்தமில்லை. அன்றே இன்னொரு கிளையை வெட்டி ஒரு சின்னக் கல்லில் ஒட்டி, காயம் ஆற விட்டாள். பத்து நாள் கழித்து அவளாகவே அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு துண்டு தயாரா இருக்கு. வந்து எடுத்துக்கிறீங்களா?"

"தொட்டிய குடுத்துட்டேன்மா. எனக்கு அது சரிவராது" என்றார். பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. அவள் சரி என்று போனை வைத்தாள். அன்று சொட்டு மருந்தை எண்ணும்போது இரண்டு தடவை கணக்கு விட்டுப்போயிற்று.

அடுத்த ஞாயிறு அந்தத் துண்டை மீன்கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருடத் தொட்டி என்று கேட்டார். அவள் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். கரண்ட் போன மூன்று நாள், காய்ச்சலோடு வாளி தூக்கியது, முதல் நிறம் வந்த காலை. அவர் துண்டைக் கடைத் தொட்டி ஒன்றில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். ஷட்டர் பாதி இறங்கியபோதுதான் கடை மூடும் நேரம் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"அடுத்த வாரமும் வாங்க, வளந்திருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலி டப்பாவோடு குனிந்து வெளியே வந்தாள்.