லைசென்ஸ்காரி

மண்டபத்தில் பிரேதத்துக்கு வைக்கிற சுண்ணம் இடிக்க யோகராஜா உலக்கையைத் தூக்கி, இரண்டாவது இடி உரலில் விழுவதற்குள் மோரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் கறுப்பு ரை, கையில் நாலாக மடித்த ஒரு தாள். பக்கத்துக் கடையில் நாற்பது வருடமாகப் பூட்டும் வாளியும் விற்கிற எண்பத்திரண்டு வயதுக்காரர். செத்தவீட்டில் சடங்கின் நடுவே வந்து குழப்புகிற ஆளில்லை.

"யோகா, இன்றைக்கு ஏழாவது நாள்," என்றார் ஆங்கிலத்தில்.

மனைவி போய் ஏழு நாளாகிறது என்பதை யோகராஜாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நகுலேஸ்வரி கூறைச்சேலையோடு பெட்டிக்குள் கிடந்தாள். போன வியாழன் கடையைப் பூட்டிவிட்டு, "நெஞ்சு கொஞ்சம் அடைக்குது" என்றவள் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டாள். அறுபத்தொரு வயது. ஒருவருக்கும் பணிந்து போகாதவள் சாவுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் பணிந்துவிட்டாளே என்று அவருக்கு அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது.

மோரிஸ் தாளை விரித்தார். கவுன்சில் கொடுத்த லைசென்ஸின் பிரதி. தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவில் வரிசையாக இருக்கிற ஐந்து கடைக்காரரும் வாசல் நடைபாதையில் பெட்டி அடுக்கி வியாபாரம் செய்ய அனுமதி. ஒவ்வொரு கடைக்கும் தனியாகத் தருகிறோம் என்று கவுன்சில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. தனித்தனியாகத் தந்தால் தனித்தனியாகப் பறிப்பார்கள் என்று நகுலேஸ்வரி ஒற்றைக்காலில் நின்று, ஐந்துக்கும் சேர்த்து ஒன்றாகத் தன் பெயரில் வாங்கினாள். இரண்டாவது பெயர் யோகராஜாவுடையது. அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவர்.

மோரிஸின் விரல் பதினோராவது நிபந்தனையில் நின்றது. தொடர்ந்து ஏழு நாள் நடைபாதையில் சாமான் வைக்கப்படாவிட்டால் அனுமதி தானாகவே இரத்தாகும்.

"காலையில் ரை தேடி மேசை லாச்சியைக் கிளறினபோதுதான் இதைக் கண்டேன். கவுன்சில் அதிகாரி ஒருவன் வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து வெறும் நடைபாதையைப் படம் எடுக்கிறான். ஏன் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. ஆறு படம் எடுத்துவிட்டான், யோகா."

யாரைக் குறை சொல்வது? ஊரில் ஒரு சா விழுந்தால் பிரேதம் எடுக்கும்வரை அந்த ஒழுங்கையில் ஒருவரும் கடை விரிக்கமாட்டார்கள். அங்கே அது அரைநாள் காரியம். காலையில் கண்ணை மூடினால் பின்னேரம் தகனம். இங்கேயோ டொக்டரின் கடிதம், பதிவு, சுடலையில் நேரம் எடுப்பது என்று ஒரு கிழமை ஓடிவிடும். என்றாலும், "நகுலாக்கா ஐசுக்குள்ள கிடக்க நாங்கள் கத்தரிக்காய் அடுக்கிறதோ?" என்று எல்லாக் கடைக்காரரும் பெட்டிகளை உள்ளே இழுத்துவிட்டார்கள். மோரிஸும் தன் வாளிகளை உள்ளே வைத்தார். லைசென்ஸை வரிவரியாக வாசித்து வைத்திருந்தவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டாள்.

யோகராஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். பதினொன்றரைக்குப் பிரேதம் எடுக்க வேண்டும். ஒன்றேகாலுக்குச் சுடலையில் இருக்க வேண்டும்.

"பெட்டியளை வெளியில வைக்கவேணும்," என்றார் மெதுவாக.

பாரிஸிலிருந்து வந்திருந்த நகுலேஸ்வரியின் தம்பி ஜீவரத்தினம் பாய்ந்து வந்தான். "அத்தான், உங்களுக்கென்ன விசரே? அக்காவைச் சுட முன்னம் கடை திறக்கிறதோ? நீங்கள் செத்தவீட்டுத் துடக்குக்காரன். சனம் காறித் துப்பும்."

சேலைக்கடைச் சிவகௌரி மூக்கைச் சிந்தினாள். "போனாப் போகட்டும், யோகண்ணை. முதல்ல அக்காவை ஒழுங்கா அனுப்புவம்." அவளுடைய வியாபாரத்தில் பாதி அந்த நடைபாதையில்தான் நடந்தது. அது தெரிந்துதான் சொன்னாள்.

வேறொரு நாளென்றால் யோகராஜா அத்தோடு வாயை மூடியிருப்பார். ஜெர்மனியில் ஏழு வருடம் அகதி முகாமில் கிடந்தவர். கோப்போடு ஒரு அதிகாரியைக் கண்டால் இன்றைக்கும் அவருக்குப் பயம். கவுன்சில்காரர் வருகிற நாட்களில் கடைக்குப் பின்னால் போய் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பார். பேச்செல்லாம் முன்னால் நகுலேஸ்வரியுடையது.

மோரிஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எதற்கு இழுபறி என்று விளங்கிவிட்டது. அவர் யோகராஜாவின் தோளைத் தொட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார். அவருடைய முன்னோர் பால்கன் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் துணி விற்ற யூதர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே வந்த புது ஆளுநர் சந்தை நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். அன்று கடை திறக்காதவருக்குச் சந்தையில் இடமில்லை என்று கட்டளையும் போட்டார். சனி யூதரின் ஓய்வுநாள், அன்று அவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்யமாட்டார்கள் என்பது ஆளுநருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

வியாபாரிகள் மன்றாடப் போகவில்லை. வெள்ளி பொழுதுபட்டு ஓய்வுநாள் தொடங்க முன்னரே எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள். மறுநாள் முழுக்க ஓய்வுநாள் உடுப்போடு கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முழத் துணி விற்கவில்லை. ஆளுநர் வந்து கத்தியபோது, "திறக்கச் சொன்னீர்கள், திறந்திருக்கிறோம். விற்கச் சொல்லவில்லையே," என்றார்களாம்.

"இதை நகுலாவுக்கு ஒருநாள் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு..." மோரிஸ் தாளைத் திரும்ப நாலாக மடித்து யோகராஜாவிடம் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பு யோகராஜாவுக்கும் ஞாபகம் இருந்தது. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர். என்ன பகிடி என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டார். இனிக் கேட்க ஏலாது என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. அவருக்கு அழுகை வந்தது. அழுதபடியே உலக்கையைத் தூக்கிச் சுண்ணத்தை இடித்து முடித்தார்.

பிறகு நிமிர்ந்தார்.

"ஜீவா, வைப்பம். விக்கமாட்டம். ஒரு கத்தரிக்காய்கூட விக்கமாட்டம். துடக்கும் கெடாது, கடையும் போகாது. பிரேதம் கடையடியால போகட்டும். வாய்க்கரிசி போட்டிட்டு எல்லாரும் ஓடிவாங்கோ."

"அத்தான்..."

"உன்ர அக்கா ஆறு வருசம் அடிபட்டு வாங்கினது. என்ர காலத்தில அதை ஒருத்தன் படம் எடுத்துப் பறிக்கேலாது." குரலை உயர்த்திப் பழகாததால் அது இரண்டாக உடைந்து வந்தது. ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பிரேத வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பூமாலையைக் கண்டதும் கையை எடுத்துவிட்டான். வேட்டிக்காரரும் வெள்ளைச்சேலைக்காரிகளும் கார்களிலிருந்து இறங்கினார்கள். ஷட்டர்கள் கடகடவென்று மேலே போயின. வாழைக்காய், முருங்கைக்காய், பாகற்காய் என்று பெட்டி பெட்டியாகக் கைமாறி வெளியே வந்தது. சிவகௌரி அழுதழுது சேலைகளைக் கம்பியில் தொங்கவிட்டாள். மோரிஸ் வாளிகளை வரிசையாக வைத்தார். ஜீவரத்தினம் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் மூட்டைக்குக் கை கொடுத்தான். இராசவள்ளிக்கிழங்குப் பெட்டியை மட்டும் யோகராஜா யாரையும் தொடவிடவில்லை. ஊரிலிருந்து மண்ணோடு வருகிற கிழங்கு அது. ஒவ்வொன்றாக எடுத்து, நகுலேஸ்வரி அடுக்குகிற மாதிரியே பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் அடுக்கினார்.

அதிகாரி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். நடைபாதையைப் பார்த்தார், பிரேத வண்டியைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"கடை திறந்திருக்கிறதா?"

யோகராஜா கிழங்குப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சாமான் வைத்திருக்கிறோம்," என்றார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அந்த நேரம் பார்த்து வழியால் போன ஒரு பெண் இரண்டு வாழைக்காயைத் தூக்கி விலை கேட்டாள். யோகராஜா தலையாட்டினார். "இன்றைக்கு விற்பனை இல்லை. நாளைக்கு வாருங்கள்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "விற்பனை இல்லையென்றால் இது வியாபாரமில்லை. நான் அப்படித்தான் எழுத வேண்டிவரும்."

யோகராஜா மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். முப்பது வருடத்தில் ஒரு அதிகாரியிடம் அவர் தாளை நீட்டி வாசிக்கச் சொல்வது அதுதான் முதல்தடவை. "பதினொன்று. சத்தமாக வாசியுங்கள். விற்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது?"

அதிகாரி சத்தமாக வாசிக்கவில்லை. மனதுக்குள் ஒருதரம் வாசித்தார். இன்னொருதரம் வாசித்தார். ஐந்து கடை வாசலிலும் திருநீறு பூசிய சனம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. மோரிஸ் தன் வாளிகளுக்கு நடுவில் ஓய்வுநாள் உடுப்புக்காரர்போல் நிமிர்ந்து நின்றார்.

"லைசென்ஸில் முதல் பெயர் உள்ளவர் இங்கே இருக்க வேண்டும்," என்றார் அதிகாரி கடைசியாக.

"இருக்கிறா," என்றார் யோகராஜா தமிழில். பிறகு ஆங்கிலத்துக்கு மாறிக் கையை நீட்டி வண்டியைக் காட்டினார். "லைசென்ஸ்காரி அங்கே இருக்கிறாள். அவளும் படத்தில் வரும்படி எடுங்கள்."

அதிகாரி கமராவை உயர்த்தினார். இரண்டடி பின்னால் போனார். அப்படியும் வண்டி முழுதாக வரவில்லை. வீதிக்கு மற்றப் பக்கம் கடந்து போய் நின்று படத்தை எடுத்தார். பெட்டிகள், சனம், கண்ணாடிக்குள் பூவுக்கு நடுவே சவப்பெட்டி, எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஜீவா, ஏறு. நேரமாச்சு," என்றார் யோகராஜா.

சுடலைக்கு ஒன்று பதினாறுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பேச்சு நீளவில்லை. குருக்கள் தேவாரத்தை முடித்துக் கையைக் காட்டினார். இங்கே கொள்ளிக்குப் பதிலாக அமத்துகிற, சுவரோரம் இருந்த வெள்ளைப் பொத்தானுக்கு முன்னால் யோகராஜா போய் நின்றார். ஜீவரத்தினம் பின்னால் வந்து கைலேஞ்சியை நீட்டினான்.

"அத்தான், கையெல்லாம் கிழங்கு மண். துடைச்சுப்போட்டு அமத்துங்கோ."

"இருக்கட்டும்."

அமத்தினார். திரை மெல்ல மூடியது. பொத்தானில் ஒரு பெருவிரல் அளவுக்குச் செம்மண் ஒட்டியிருந்தது.