மூச்சு கலந்த குடுவை

கணவனின் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தாள் மனைவி. கூடத்தில் அவர் உடல் கிடந்தது. ஒரு வாரமாகக் காட்டு முகாமில் ஆராய்ச்சிக்காகக் காற்று பிடித்துக்கொண்டிருந்தவர், நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். ஓட்டுநர் உடலோடு பெட்டியையும் இறக்கிவிட்டுப் போயிருந்தார். பெட்டியை வாங்கிப்போக, அவரோடு வேலை பார்த்த ஆய்வகத்துப் பெண் வந்து நின்றாள்.

"உடம்ப எடுக்கறதுக்குள்ள பெட்டிய எடுக்கணுமா? அப்படி என்ன இருக்கு?"

"காத்துதான்க்கா."

"காதுல பூ சுத்தாத. திற."

மனைவி எழுந்து வழிவிட்டாள். உள்ளே பஞ்சுக்குள் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். மனைவி பஞ்சைத் தூக்கி அடியிலும் பார்த்தாள்.

"ராத்திரி ராத்திரியா இதுக்குத்தான் போனாரா?"

"ஆமாக்கா. பகல்ல இலை காத்துலேர்ந்து எடுக்கற கார்பன, சில நாள் கழிச்சு மரமும் மண்ணும் மூச்சா விடும். கார்பன்ல லேசு, கனம்னு ரெண்டு தினுசு. மழை இல்லாம இலை தவிச்சிருந்தா, அந்த மூச்சுல கனமானது கொஞ்சம் கூடும். மூச்ச வெச்சே இலை பட்ட பாட்டச் சொல்லிடலாம்."

"எங்கண்ணன் பட்ட பாட்ட எத வெச்சு சொல்றது?" உடலருகிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பக் குடுத்தே அனுப்பியாச்சு."

காலையிலிருந்து இதே பாட்டு. மனைவி ஒரு துண்டு இனிப்புக்கூடக் கொடுத்ததில்லை. ஆனாலும் அவருக்குச் சர்க்கரை இறங்கியதே இல்லை. கேட்டால், "தொடுறதே இல்லம்மா" என்பார்.

ஆய்வகத்துப் பெண் ஒரு குடுவையைத் தனியே எடுத்தாள். "இது ஆகாது. மூடும்போது நாங்க மூச்ச அடக்கிக்குவோம். சார் விழுறப்போ கையில இருந்தது இது. உள்ள அவரு மூச்சு கலந்திருக்கும்."

மனைவியின் குரல் தாழ்ந்தது. "மனுஷன் மூச்சுலயும் தெரியுமா? தின்னது?"

"தெரியும். அரிசிச் சோத்தவிடக் கரும்புச் சர்க்கரையில கனமான கார்பன் ஜாஸ்தி."

"முகாம்ல டீ எப்படிக் குடிப்பாரு?"

அந்தப் பெண் பஞ்சைச் சரிசெய்தாள். வெகுநேரம் சரிசெய்தாள்.

"மிஷின்ல வெச்சுப் பாக்கவாக்கா?"

காட்டில் தின்றிருந்தால் பழி இவள்மேல் இல்லை. நாத்தனாரின் வாயை அடைத்துவிடலாம். அவரோ அங்கே பதில் சொல்ல முடியாமல் கிடந்தார்.

மனைவி குடுவையை வாங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பி, மூடியின் குமிழைத் திருகித் திறந்தாள். உள்ளிருந்த மூச்சு சத்தமே இல்லாமல் வெளியே போனது.

"என்ன அண்ணி அது?"

"ஒண்ணுமில்ல. காலி பாட்டில்."